தங்கமே வாங்காத மெர்லீன் ஓட்டியை ஓணம் போட்டி வாசலில் நிறுத்தலாமா?

கருமண்காட்டான்:

எல்லோருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் கிளப் வருஷாவருஷம் ஓணத்துக்கு உறியடி, வடம்வலி (கயிறு இழுக்கும் போட்டி) எல்லாம் வைக்கும். இந்த முறை பள்ளிப் பெண்பிள்ளைகளுக்கென்று தனியாக 100 மீட்டர், 200 மீட்டர் வைப்பதாக முடிவு. மைதான வாசலில் ஓட்டக்காரி ஒருவருடைய படம் ஆளுயரத்துக்கு மேல் நிற்க வேண்டும், உலகக் கோப்பை வந்தால் மெஸ்ஸியும் நெய்மரும் நிற்பார்களே, அதே இடத்தில். ஃபிளெக்ஸுக்குத் தடை என்பதால் துணியில்தான் அடிப்போம், ஆனால் எங்கள் வாய் இன்னும் ஃபிளெக்ஸ் என்றுதான் சொல்கிறது.

பி.டி. உஷா படம் கிளப்புக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் வெளிநாட்டு ஆள் வேண்டும், ஓட்டம் என்றால் ஜமைக்காதான் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. பாதிப் பேர் ஷெல்லி-ஆன் ஃபிரேசர்-பிரைஸ் என்கிறார்கள். நான் மெர்லீன் ஓட்டி என்றேன். சின்ன வயதில் மலையாளப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் அவர் படம் வந்துகொண்டே இருக்கும், நான் எட்டாவது படிக்கும்போதும் வந்தது, கல்யாணம் ஆனபிறகும் வந்தது, அந்த ஞாபகம். செக்ரட்டரி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "ஒரு ஒலிம்பிக் தங்கம்கூட இல்லாத ஆளை வாசலில் நிறுத்தி பிள்ளைகளுக்கு என்னப்பா சொல்லப்போறே?"

பதில் சொல்ல வரவில்லை. ஒன்பது பதக்கம் என்று தெரியும், அதற்கு மேல் விவரம் இல்லை. என் மகள் உபஜில்லா (துணை மாவட்ட) மீட்டில் எப்போதும் மூணாவது நாலாவதுதான் வருகிறாள், அதனால்தான் நான் இப்படிப் பேசுகிறேன் என்று ஒருத்தன் நக்கல் வேறு. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூட்டம். அவரை நிறுத்தலாமா, நிறுத்தினால் படத்துக்குக் கீழே நாலு வரி என்ன எழுதுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தடகளப்பித்தன்:

அண்ணா, தாராளமாக நிறுத்துங்கள். நிறுத்துவதற்கு முன்னால் உங்கள் செக்ரட்டரியிடம் ஒரு கேள்வி கேளுங்கள், அந்தத் தங்கம் எவ்வளவு தூரத்தில் போனது என்று அவருக்குத் தெரியுமா?

1980 மாஸ்கோ, 200 மீட்டர். மெர்லீனுக்கு 20 வயது. தங்கம் கிழக்கு ஜெர்மனிக்காரிக்கு, வெள்ளி சோவியத் ஓட்டக்காரிக்கு 22.19 நொடியில், மெர்லீன் 22.20. நூற்றில் ஒரு பங்கு. ஆனால் அந்த வெண்கலமே பெரிய சரித்திரம், ஆங்கிலம் பேசும் கரீபியன் நாடுகளிலிருந்து ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் பெண் அவர்தான்.

1984 லாஸ் ஏஞ்சலிஸில் 100, 200 இரண்டிலும் வெண்கலம். 1988 சியோலில் 200 மீட்டரை 21.99இல் ஓடி நாலாவது. அன்றைக்கு முதலில் வந்த ஃப்ளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் ஓடிய 21.34 இன்றைக்கும் உலக சாதனை, அதற்கு முன்னால் யார் நின்றாலும் ஒன்றும் செய்ய முடியாது.

1992 பார்சிலோனா 100 மீட்டர் ஃபைனலை யாராவது யூடியூபில் பார்க்காமல் இருந்தால் இன்றைக்கே பாருங்கள். கெயில் டீவர்ஸ் 10.82, ஜூலியட் கத்பர்ட் 10.83, இரினா பிரிவலோவா 10.84, குவென் டாரன்ஸ் 10.86, மெர்லீன் 10.88. முதலாவது வந்தவருக்கும் ஐந்தாவது வந்தவருக்கும் நடுவில் 0.06 நொடிதான். ஐந்தாவது என்று கேட்டால் தோற்றுப்போன மாதிரித் தோன்றும், ஓட்டத்தைப் பார்த்தால் ஐந்து பேரும் ஒரே கோட்டில் வருகிறார்கள். அந்த ஒலிம்பிக்கிலும் 200 மீட்டரில் வெண்கலம் வாங்கிவிட்டார்.

அடுத்தது 1993 ஸ்டுட்கார்ட் உலக சாம்பியன்ஷிப். 100 மீட்டரில் டீவர்ஸுக்கும் மெர்லீனுக்கும் பலகையில் ஒரே நேரம், 10.82. போட்டோ ஃபினிஷை, அதாவது முடிவுக்கோட்டில் எடுத்த படத்தை, பிரித்துப் பார்த்து ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் டீவர்ஸுக்குக் கொடுத்தார்கள். மூன்று வருஷம் கழித்து அட்லாண்டா ஒலிம்பிக் ஃபைனல், மறுபடியும் அதே இருவர், மறுபடியும் ஒரே நேரம், 10.94, மறுபடியும் போட்டோ, மறுபடியும் டீவர்ஸ். இதை எழுதும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது. எந்த நாட்டு ஆளுக்கும் இப்படி இரண்டு முறை நடக்கக்கூடாது.

அதே அட்லாண்டாவில் 200 மீட்டரில் பிரான்ஸின் மாரி-ஜோஸ் பெரெக் 22.12, மெர்லீன் 22.24, வெள்ளி. அப்போது வயது 36.

தங்கமே வாங்காதவர் என்று பொதுவாகச் சொல்வதும் சரியில்லை. ஒலிம்பிக்கில்தான் இல்லை. உலக சாம்பியன்ஷிப்பில் 1993, 1995 இரண்டிலும் 200 மீட்டர் தங்கம், 1991இல் ரிலே தங்கம், மொத்தம் 14 பதக்கம். உட்புற மைதானத்தில் 1993இல் லியேவினில் ஓடிய 21.87 நொடி இன்னும் 200 மீட்டர் உட்புற உலக சாதனையாகவே நிற்கிறது. இதைச் சொல்லுங்கள் செக்ரட்டரியிடம்.

சித்தூர்க்காரி:

இந்தக் கேள்வியைப் பாலக்காட்டில் ஒருவர் கேட்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. அண்ணா, கிளப்புக்குள் உஷா படம் இருக்கிறது என்றீர்களே, உஷாவுக்கு எத்தனை ஒலிம்பிக் பதக்கம்? ஒன்றுமில்லை. 1984இல் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42, மூணாவது வந்த ருமேனியாக்காரி 55.41. அந்த நூற்றில் ஒரு பங்கை வைத்துக்கொண்டுதான் கேரளத்தில் ஒரு தலைமுறைப் பெண்பிள்ளைகள் மைதானத்துக்கு வந்தார்கள், நானும் அப்படி வந்தவள்தான். உஷாவை உள்ளே மாட்டின உங்கள் செக்ரட்டரிக்கு மெர்லீனை வெளியே நிறுத்துவதில் என்ன தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை.

இன்னொன்று. 1980 மாஸ்கோவில் உஷாவும் இருந்தார், 16 வயது, ஹீட்ஸ் என்கிற முதல் சுற்றோடு திரும்பினார். அதே மைதானத்தில் மெர்லீன் முதல் பதக்கம் வாங்கினார். நாலு வருஷம் கழித்து லாஸ் ஏஞ்சலிஸிலும் இருவரும் இருந்தார்கள். உஷா 2000இல் ஓட்டத்தை நிறுத்தினார், அதே வருஷம் சிட்னியில் 40 வயதில் மெர்லீன் 100 மீட்டர் ஃபைனல் ஓடிக்கொண்டிருந்தார். யோசித்துப் பாருங்கள், உஷாவே அலுத்துப்போய் நிறுத்திய காலம் முழுக்க இவர் நிறுத்தவில்லை.

என் கருத்து என்னவென்றால், முதல் ஆளாக வந்தவர் படத்தை எல்லோரும் வைப்பார்கள். பதினைந்து பிள்ளைகள் ஓடினால் ஒருத்திதான் முதலில் வருவாள். மீதிப் பதினாலு பேர் வாசலில் எந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்? உங்கள் மகளைச் சொல்லி நக்கலடித்தவரிடம் இதைக் கேளுங்கள். உபஜில்லாவில் மூணாவது வருவது என்ன லேசா? எங்கள் காலத்தில் பறளி, முண்டூர், கல்லடி ஸ்கூல் பிள்ளைகள் ஓடுகிற மாவட்டத்தில் ஃபைனலுக்கு வந்தாலே வீட்டில் பாயசம் வைப்பார்கள்.

ஸ்டார்ட்டிங்பிளாக்:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் நான் மறுபக்கம் பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்று, பெரிய மேடையில் ஓடும் விஷயம். மெர்லீனின் 200 மீட்டர் சிறந்த நேரம் 21.64, அது 1991 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸில் ஓடியது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னால் டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்பில் 22.21 ஓடி வெண்கலம். 100 மீட்டர் சிறந்த நேரம் 10.74, 1996 செப்டம்பரில் மிலானில். அதற்கு முந்தைய மாதங்களில்தான் அட்லாண்டாவில் 10.94. அதாவது ஃபைனலில் வராத நேரம், ஃபைனல் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகு வருகிறது. நமக்குப் பிடித்தவர் என்பதற்காக இதைப் பார்க்காமல் விட முடியுமா? ஷெல்லி-ஆன் அப்படி இல்லை, 2008 பெய்ஜிங், 2012 லண்டன் இரண்டிலும் 100 மீட்டர் தங்கம், உலக சாம்பியன்ஷிப்பில் 100 மீட்டர் மட்டும் ஐந்து தங்கம், கடைசித் தங்கம் 2022இல், அப்போது நாலு வயது மகனுக்கு அம்மா. எந்த நாளில் ஓட வேண்டுமோ அந்த நாளில் ஓடினார்.

இரண்டு, 2000 சிட்னி. இதைத்தான் இந்த இழையில் யாரும் தொடவில்லை. 1999இல் லூசர்ன் போட்டியில் நான்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்துக்கான சோதனையில் மெர்லீன் சிக்கினார், செவில் உலக சாம்பியன்ஷிப் போனது. 2000 ஜூலையில் தடையை நீக்கினார்கள், சரி, அது முடிந்த கதை, குற்றமில்லை என்றால் குற்றமில்லை. ஆனால் அணியைத் தேர்ந்தெடுக்கும் ஜமைக்காவின் தேசிய ட்ரையல்ஸில் அவர் வந்தது நாலாவது இடம். முதல் மூன்று பேருக்குத்தான் 100 மீட்டர். முதலில் வந்தவர் பீட்டா-கே டௌடி. சிட்னியில் ஓடியது டௌடி இல்லை, மெர்லீன். ஜமைக்கா அணியின் சக ஓட்டக்காரர்களே ஒலிம்பிக் கிராமத்தில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், கிரிகரி ஹாட்டன் முன்னால் நின்றார். ட்ரையல்ஸில் ஜெயித்த பெண்ணின் இடத்தில் ஓடிய ஒருவரை, பள்ளிப் பிள்ளைகள் ஓடுகிற மைதான வாசலில் நிறுத்த வேண்டுமா?

நம் ஊரில் இது புதிதில்லை. முண்டூர் சித்ராவை மறந்துவிட்டீர்களா? 2017இல் புவனேஸ்வரில் ஆசிய சாம்பியன்ஷிப் 1500 மீட்டர் தங்கம், ஆனால் லண்டன் உலக சாம்பியன்ஷிப் அணியில் பெயர் இல்லை. கேரள உயர் நீதிமன்றம் சேர்க்கச் சொன்னபிறகும் சர்வதேச சங்கம் தேதி முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டது. அன்றைக்குப் பாலக்காடே கொதித்தது. டௌடி விஷயத்தில் மட்டும் நாம் ஏன் மெர்லீன் பக்கம் நிற்க வேண்டும்?

கருமண்காட்டான்:

அடேயப்பா. கேள்வி கேட்டவனுக்கே வியர்க்கிறது.

பித்தன் தம்பி, அந்த 1992 ஃபைனலை மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். "இதுல யாருப்பா அஞ்சாவது?" என்று இரண்டு தடவை கேட்டாள். அது ஒன்றே கூட்டத்தில் போட்டுக் காட்டப் போதும் என்று நினைத்தேன்.

அப்புறம் ஸ்டார்ட்டிங்பிளாக் எழுதியதைப் படித்தேன். சித்ரா விஷயத்தைச் சொன்னதும் எனக்கு வாயடைத்துவிட்டது, அப்போது நான் சாயாக்கடையில் நின்று கத்தியவன். இதற்கு யாராவது பதில் வைத்திருக்கிறீர்களா? செக்ரட்டரிக்கு இது தெரிந்தால் விடமாட்டார்.

வேலந்தாவளம் பி.டி. மாஸ்டர்:

ரிட்டயர் ஆனவன், இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது குறைவு. ஆனால் இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் நேரக் கணக்கு. டோக்கியோவில் 22.21, பிரஸ்ஸல்ஸில் 21.64 என்று பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரியில்லை தம்பி. டோக்கியோ ஃபைனலில் நல்ல எதிர்க்காற்று. அன்றைக்குத் தங்கம் வாங்கிய காத்ரின் கிராபேவே 22.09தான் ஓடினார். கணவாய்க் காற்றில் நின்று பிள்ளைகளுக்கு ஸ்டாப்வாட்ச் பிடித்தவனைக் கேளுங்கள், ஆடி மாதம் மேற்கே பார்த்து ஓடினால் ஒரு நேரம், கிழக்கே பார்த்து ஓடினால் வேறு நேரம், இரண்டும் ஒரே பிள்ளைதான். அதனால்தான் பின்காற்று நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் போனால் சாதனைக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த கிராபே அடுத்த வருஷமே கிளென்பியூடெரால் என்ற மருந்து விவகாரத்தில் மாட்டினார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1980களில் கிழக்கு ஜெர்மனி அரசே ஓட்டக்காரர்களுக்கு மருந்து கொடுக்கும் திட்டம் வைத்திருந்தது பிற்பாடு அவர்களுடைய ஆவணங்களிலேயே வெளியானது. அந்தக் காலத்து மூணாவது இடத்தை இந்தக் காலத்துக் கண்ணால் பார்க்கக்கூடாது.

ஆனால் தம்பி சொல்வதில் ஒன்று உண்மை. போட்டோ ஃபினிஷ் விஷயத்தில் அதிர்ஷ்டம் மட்டும் காரணமில்லை. கோட்டைத் தொட வேண்டியது நெஞ்சுப் பகுதி, தலையோ கையோ காலோ முன்னால் போய்ப் பிரயோஜனமில்லை. டீவர்ஸ் தடை ஓட்டக்காரி, பிளாக்கிலிருந்து அம்பு மாதிரிக் கிளம்புவார், கடைசி எட்டில் நெஞ்சைக் குனிந்து கொடுப்பார். மெர்லீன் நிமிர்ந்து ஓடுகிறவர். 60 மீட்டருக்குப் பிறகு அவரைப் போல ஓடியவர்கள் குறைவு, தோள் அசையாது, முகத்தில் இறுக்கம் இருக்காது, காலடி நீளமாக விழும். பார்க்க அவ்வளவு அழகு. அழகாக ஓடுகிறவர்களுக்குக் கடைசியில் குனிவது கொஞ்சம் கஷ்டம், இதை நான் எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். 200 மீட்டரில் ஸ்டார்ட் அவ்வளவு முக்கியமில்லை, வளைவைச் சரியாக எடுத்து வெளியே வந்துவிட்டால் அவருடைய நடையே ஜெயித்துக் கொடுக்கும். அவருக்குத் தனி ஓட்டத்தில் கிடைத்த உலகத் தங்கம் இரண்டும் 200இல் வந்தது இதனால்தான்.

கருமண்காட்டான் மகளுக்கு: எப்போதும் மூணாவது நாலாவது என்றால் எந்த இடத்தில் பின்தங்குகிறாள் என்று பாருங்கள். 30 மீட்டருக்குள் என்றால் ஸ்டார்ட், 80க்கு மேல் என்றால் வேகத்தைத் தாக்குப்பிடிக்கும் பலம். ஒருவேளை அவள் 200 ஓட வேண்டிய பிள்ளையாக இருக்கலாம். பள்ளியில் எல்லோரும் 100க்கே பெயர் கொடுப்பார்கள்.

இனி சிட்னி. டௌடிக்கு நடந்தது அநியாயம்தான், நான் அதை மறைக்கச் சொல்ல மாட்டேன். ட்ரையல்ஸ் என்று வைத்தபிறகு ட்ரையல்ஸ்தான் பேச வேண்டும். ஆனால் அணியைத் தேர்ந்தெடுத்தது மெர்லீன் இல்லை, சங்கம். சித்ரா விஷயத்தில் நாம் சங்கத்தைத் திட்டினோமா, வேறு ஓட்டக்காரிகளைத் திட்டினோமா? அதே நியாயத்தை இங்கேயும் வையுங்கள். 40 வயதில் ஓடச் சொன்னார்கள், அவர் ஓடினார், 11.19இல் நாலாவது வந்தார். மூணாவது வந்த டெய்னா லாரன்ஸ் 11.18, அவரும் ஜமைக்காதான். மறுபடியும் நூற்றில் ஒன்று! 4x100 ரிலேயில் வெள்ளி, தங்கம் பஹாமாஸ் பெண்களுக்கு.

சித்தூர்க்காரி:

மாஸ்டர், வணக்கம். நீங்கள் சொன்ன அந்த நாலாவது இடம்தான் பிற்பாடு பதக்கமானது, அதையும் எழுதிவிடுகிறேன். அந்த ஓட்டத்தில் ஜெயித்த மேரியன் ஜோன்ஸ் 2007இல் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டார், பதக்கங்கள் பறிபோயின. 2009 டிசம்பரில் ஒலிம்பிக் கமிட்டி முடிவு சொன்னபோது தங்கத்தை யாருக்குமே தரவில்லை, ஏனென்றால் இரண்டாவது வந்த கிரேக்கத்தின் கட்டெரினா தானு 2004 ஏதென்ஸில் சோதனைக்கு வராமல் போன விவகாரத்தில் மாட்டியிருந்தார். அவரை வெள்ளியிலேயே விட்டுவிட்டு லாரன்ஸுக்கும் வெள்ளி, மெர்லீனுக்கு வெண்கலம். ஓடி ஒன்பது வருஷம் கழித்து ஒன்பதாவது பதக்கம்.

எனக்கு இதில் சந்தோஷம் வரவில்லை. மேடையில் ஏறாத பதக்கம் என்ன பதக்கம்? 40 வயதில் ஒரு பெண் அந்த மேடையில் நிற்பதை உலகம் பார்த்திருக்க வேண்டும்.

ஸ்டார்ட்டிங்பிளாக்கிடம் ஒன்று. ஷெல்லி-ஆன் பெரிய ஆள்தான், நான் ஒரு சொல் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அவர் வந்தபோது ஜமைக்காவில் பெண்கள் ஓடுவது புதிதாக இல்லை. மெர்லீன் ஜமைக்காவின் ஹனோவர் வட்டாரக் கிராமத்துப் பிள்ளை, 1976இல் டொனால்ட் குவாரி ஒலிம்பிக் 200 மீட்டர் ஜெயித்ததை ரேடியோவில் கேட்டுத்தான் பெரிதாக ஓட ஆசை வந்தது என்பார்கள். அப்போது அவருக்குப் பார்த்து வளர ஒரு ஜமைக்காப் பெண் ஒலிம்பிக் மேடையில் இல்லை. ஜமைக்காப் பெண் ஒருவர் முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கியது 1996இல்தான், டியான் ஹெம்மிங்ஸ், அதுவும் நம் உஷாவின் 400 மீட்டர் தடை ஓட்டத்தில். 100 மீட்டர் தங்கம் 2008 வரை காத்திருந்தது. நடுவில் அந்த இடத்தை யார் சூடாக வைத்திருந்தது?

எல்லைச்சாவடி:

வாளையாரிலிருந்து ஒரு சின்னக் குரல். இவ்வளவு எழுதினீர்களே, நான் அவருக்கு ரசிகனான கதையை யாரும் சொல்லவில்லையே.

1997 ஏதென்ஸ் உலக சாம்பியன்ஷிப், 100 மீட்டர் ஃபைனல். யாரோ ஃபவுல் ஸ்டார்ட், திரும்பி வரச்சொல்லித் துப்பாக்கி சுடுகிறார்கள், எல்லோரும் நின்றுவிட்டார்கள், மெர்லீனுக்கு மட்டும் கேட்கவில்லை. பாதித் தூரத்துக்கும் மேல் முழு வேகத்தில் ஓடிவிட்டார். அதற்குப் பிறகு நடந்து திரும்பி வந்து மறுபடி பிளாக்கில் உட்கார்ந்து ஓடினார், ஏழாவது. 37 வயது. நானாக இருந்தால் ஸ்பைக்கைக் கழற்றி எறிந்துவிட்டு ஹோட்டலுக்குப் போயிருப்பேன். அவர் அதே போட்டியில் 200 மீட்டரில் இறங்கி வெண்கலம் வாங்கினார்.

அதற்கப்புறம் ஸ்லோவேனியாவுக்குப் போய்க் குடியுரிமை வாங்கியது, 2002இல். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்லோவேனியாவுக்காக 44 வயதில் 100 மீட்டர் செமி வரை போனார். ஏழாவது ஒலிம்பிக். 2008க்கும் 48 வயதில் முயற்சி செய்தார், தகுதி நேரம் வரவில்லை. அத்தோடு நிறுத்துவார் என்று பார்த்தால் 2012 ஹெல்சின்கி ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் ஸ்லோவேனியாவின் 4x100 ரிலேயில் ஓடினார், 52 வயது. பேட்டன் கொடுக்கிற பிள்ளைக்கு அம்மா வயது, ஒருவேளை அதற்கும் மேல்.

நாட்டை மாற்றினார் என்று ஜமைக்காவில் வருத்தப்பட்டவர்கள் உண்டு. நமக்கு அது பெரிய அதிசயமில்லை, இந்தப் பக்கம் ரேஷன் கார்டு, அந்தப் பக்கம் வேலை என்று வாழ்கிறவர்கள்தானே நாம். கிங்ஸ்டன் தேசிய மைதானத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது, நாட்டை விட்டுப் போனபிறகு 2005இல் வைத்தது. அந்த ஊர்க்காரர்களே நிறுத்திவிட்டார்கள், கொழிஞ்சாம்பாறையில் நிறுத்த என்ன யோசனை?

ஸ்டார்ட்டிங்பிளாக்:

மாஸ்டர் சங்கத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், பாதி. சங்கம் இடம் கொடுத்தால் எடுத்துக்கொள்ளாமல் இருக்கவும் ஒருவரால் முடியும். டோக்கியோ எதிர்க்காற்றையும் ஏற்றுக்கொள்கிறேன். மிலான் 10.74க்கு இன்னும் பதில் வரவில்லை, ஆனால் 36 வயதில் 10.74 ஓடியவரை எப்படித் திட்டுவது என்று எனக்கும் தெரியவில்லை.

என் ஓட்டு இன்னும் ஷெல்லி-ஆனுக்குத்தான். ஆனால் மெர்லீன் படம் வைத்தால் வந்து கைதட்டுவேன், ஊர் பக்கம்தான்.

கருமண்காட்டான்:

எல்லோருக்கும் நன்றி. மகள் 30 மீட்டருக்குள்தான் பின்தங்குகிறாள் மாஸ்டர், நேற்று மைதானத்தில் நிறுத்திப் பார்த்தேன், அதற்குப் பிறகு ஆட்களைப் பிடித்துவிடுகிறாள். 200க்குப் பெயர் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கிரேஸ் மார்க் கிடைக்குமா என்று அவள் அம்மா கேட்கிறாள், அது வேறு கதை.

நாலு வரி இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"மெர்லீன் ஓட்டி, ஜமைக்கா. 1980 முதல் 2004 வரை ஏழு ஒலிம்பிக். ஒன்பது பதக்கம், மூன்று வெள்ளி, ஆறு வெண்கலம். 200 மீட்டரில் இரண்டு முறை உலக சாம்பியன். 52 வயது வரை ஓடினார்."

தங்கம் இல்லை என்பதை எழுதவா வேண்டாமா என்றுதான் யோசனை. சிட்னி விஷயத்தை வாசலில் எழுத இடமில்லை, கூட்டத்தில் நானே சொல்லிவிடப்போகிறேன், மறைத்தோம் என்று பேச்சு வரக்கூடாது.

தடகளப்பித்தன்:

எழுத வேண்டாம் அண்ணா, ஆறு வெண்கலம் மூன்று வெள்ளி என்று எழுதினால் கணக்கு தெரிந்த பிள்ளை தானே கண்டுபிடிக்கும். இரண்டு திருத்தம். ஏழு ஒலிம்பிக்கில் ஆறுதான் ஜமைக்காவுக்கு, கடைசி ஸ்லோவேனியாவுக்கு, அதனால் "ஜமைக்கா, ஸ்லோவேனியா" என்று போடுங்கள், இல்லாவிட்டால் எவனாவது வந்து பிடித்துக்கொள்வான். இன்னொன்று, பிரஸ்காரரிடம் படத்தைத் தேடச் சொல்லிவிடாதீர்கள், அவர் போனில் முதலில் வருகிறதை எடுத்து அடித்துவிடுவார், துணி வந்தபிறகு பார்த்தால் டீவர்ஸாக இருக்கும். ஜமைக்காவின் மஞ்சள் பச்சை உடுப்பில், வளைவிலிருந்து வெளியே வருகிற மாதிரி ஒரு 200 மீட்டர் படம் நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

கருமண்காட்டான்:

சரி தம்பி. கூட்டம் முடிந்தது. 1992 ஃபைனலைச் செக்ரட்டரியின் போனிலேயே போட்டுக் காட்டினேன், அவர் மூன்று முறை பார்த்துவிட்டு "ரெண்டு பேரையும் நிறுத்து, ஷெல்லி-ஆன் ஒரு பக்கம், இவங்க ஒரு பக்கம்" என்று சொல்லிவிட்டார். இரண்டாவது துணிக்கு யார் காசு கொடுப்பது என்பதில் இப்போது புதுச் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. நக்கலடித்தவன் பாதி தருவதாகச் சொல்லியிருக்கிறான், அவன் மகளும் 200க்குப் பெயர் கொடுத்திருக்கிறாளாம்.